சூழல் கனியவில்லையாம்

ஜனவரி 9

புத்தகம் வந்துவிட்டது. 'டீ யார் போட்டது?' அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'பெண்களும் சோசலிசமும்'. அட்டையில் என் பெயர் வெறும் செண்பகவல்லி. பின்னால் வால் கிடையாது. பதிப்பாளர் கதிரவன் முதலில் 'செண்பகவல்லி பால்பாண்டியன்' என்று போடலாம் என்றார். தோழர் பெயரைப் பார்த்தால் இயக்கத்துக்காரர்கள் நாலு பேர் கூட எடுப்பார்களாம். எடுக்காவிட்டால் போகட்டும் என்றேன்.

பார்சலைப் பிரிக்கக் கத்தி அகப்படவில்லை. அரிவாள்மனையில் வைத்துக் கயிற்றை அறுத்தேன். முதல் பிரதியை இவரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டையைத் தடவிப் பார்த்தார். "பைண்டிங் நல்லா இருக்கு" என்றார். அப்புறம் டீப்பாயில் பேப்பருக்கு அடியில் வைத்துவிட்டார். சாயங்காலம் பேப்பரை எடுத்துப் படித்தார். புத்தகம் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

முப்பத்து நாலு வருஷமாக மேடை மேடையாகப் பெண் விடுதலை பேசுகிற மனிதர். கோவில்பட்டியில் 'தோழர்' என்று மொட்டையாகச் சொன்னாலே அது பால்பாண்டியன்தான். எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. ராத்திரிக்கு ரவை உப்புமா.

ஜனவரி 15

பொங்கல். எங்கள் வீட்டில் சாமி கிடையாது, அதனால் இது உழவர் திருநாள். சமைக்கிறவளுக்கு எந்தத் திருநாளும் அடுப்புத் திருநாள்தான்.

ஜனவரி 19

சென்னை. புத்தகக் கண்காட்சி. கால் இரண்டும் வீங்கிவிட்டன.

கடையில் என் புத்தகத்தைத் தேடினேன், காணோம். கதிரவனும் கூடத் தேடினார். கடைசியில் பார்த்தால் சமையல் குறிப்புகள் அடுக்கில், 'முப்பது வகைக் குழம்பு'க்கும் 'ஊறுகாய் போடுவோம் வாங்க'வுக்கும் நடுவில் நிற்கிறது. கடைக்கு வந்த புதுப் பெண் தலைப்பைப் பார்த்து அங்கே வைத்துவிட்டாளாம். கதிரவனுக்கு முகம் செத்துவிட்டது. இருக்கட்டும், எடுக்காதீர்கள் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா வந்து அதைக் கையில் எடுத்தார்.

"இதுல மசாலா டீ இருக்குங்களா?"

"இருக்கும்மா. காரம் கொஞ்சம் ஜாஸ்தி."

புரட்டினார். நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மாநாட்டில் கைதட்டல் வாங்கினால்கூட இப்படி இருந்திருக்காது. வாங்கிப் பழக்கமும் இல்லை.

ஜனவரி 23

ஊருக்கு வந்து சேர்ந்தேன். கழுவுதொட்டியில் டீ டம்ளர்கள் மலையாகக் கிடந்தன. தோழர்கள் வந்து போயிருக்கிறார்கள். டீ கடையிலிருந்து வந்திருக்கிறது, டம்ளர் மட்டும் வீட்டு டம்ளர். கழுவி வைத்தேன்.

புத்தகம் டீப்பாயில் இல்லை. இவர் தலையணை ஓரத்தில் இருந்தது. பேப்பரைக் கிழித்து அடையாளம் வைத்திருந்தார். பிரித்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். தொலைபேசி நிலையத்தில் நான் ஆபரேட்டராக இருந்த காலம். தஞ்சாவூரில் மாநில மாநாடு. எங்கள் சங்கத்திலிருந்து என்னைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள், இவரை இவர் சங்கத்திலிருந்து. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது வடக்கேயிருந்து ஐந்து தோழர்கள் வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். யாராவது ஒருவர் சமைக்க வேண்டும். "இன்னும் சூழல் கனியலை வல்லி, நீ அடுத்த மாநாட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு இவர் போனார். அடுத்த மாநாடு வந்தபோது என்னை யாரும் கேட்கவில்லை.

புத்தகத்தில் இவர் பெயரைப் போடவில்லை. 'ஒரு தோழர்' என்றுதான் எழுதியிருக்கிறேன். மற்றபடி அந்த மாநாட்டைப் பற்றி வேறெதுவும் எழுதவில்லை.

ஜனவரி 24

காபி குடித்துக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தார்.

"அந்த நூத்திப் பன்னிரண்டாம் பக்கம் அவசியந்தானா வல்லி?"

"உங்க பேரு அதுல இல்லையே."

"பேர் போட்டாத்தானா? ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சதத்தான் எழுதியிருக்கேன். புதுசா என்ன சொல்லிட்டேன்?"

"ரெண்டாம் பதிப்புல அந்தப் பத்திய எடுத்துரு. எனக்காகச் சொல்லல. இயக்கத்துக்கு நல்லதில்ல. எதிரி எடுத்து ஆடுவான். இதெல்லாம் நமக்குள்ள பேசித் தீர்க்க வேண்டியது."

"சரி, பேசுவோம். உக்காருங்க."

கடிகாரத்தைப் பார்த்தார். கமிட்டிக் கூட்டம் இருக்கிறதாம். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி 30

தென்காசியில் அடுத்த வாரம் அறிமுகக் கூட்டம் இருந்தது. இன்று அங்கேயிருந்து போன். கூட்டத்தைத் தள்ளி வைக்கிறார்களாம்.

"ஏன் தோழர், மண்டபம் கிடைக்கலையா?"

"மண்டபம்லாம் இருக்கு. இப்போதைக்குச் சூழல் இன்னும் கனியலைன்னு நினைக்கோம்."

சரி என்று வைத்துவிட்டேன். மழைக்காலம் முடிந்தும் துணி காயமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 3

சாத்தூரும் போயிற்று. அங்கே செயலாளர் அழகர்சாமி. நல்ல பையன், பையன் என்றால் ஐம்பது வயது. என் கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டவன். போனில் நெளிந்தான்.

"தப்பா நினைக்காதீக தோழர். புத்தகம் அருமையான புத்தகம். ஆனா சூழல் வந்து இன்னும் கனியலை, அதான்."

டிரங்க் லைனில் ஹெட்போன் மாட்டியே என் வயசு போனது. ஒருத்தர் வார்த்தை இன்னொருத்தர் வாயில் வந்தால் என் காது காட்டிக்கொடுத்துவிடும். சண்டை போட்ட பொண்டாட்டி பேசுகிறாளா, பக்கத்தில் நின்று மாமியார் சொல்லிக் கொடுத்துப் பேசுகிறாளா என்று நம்பர் கேட்கும்போதே தெரியும். சூழல் கனியவில்லை என்று பேசுகிற ஆள் இந்த ஜில்லாவில் எத்தனை பேர் இருப்பார்கள்?

அது கிடக்கட்டும். முருங்கைக்காய் வாங்கி வந்தேன், எல்லாம் முற்றல். கடைக்காரன் பிஞ்சு என்று சத்தியம் பண்ணினான்.

பிப்ரவரி 10

நாகர்கோவில். இங்கே கூட்டம் நடத்தியவர்கள் கல்லூரி ஆசிரியைகள். இயக்கத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, அதனால் இங்கே சூழல் கனிந்திருந்தது. நன்றாகப் பேசினேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள்? சோசலிசம் வந்தால் பெண் விடுதலை தானாக வரும் என்று எங்களுக்குச் சொன்னார்கள், தானாக வந்தது வீட்டுக்கு விருந்தாளி மட்டும்தான் என்றேன். சிரித்தார்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

கேள்வி நேரத்தில் கண்ணாடி போட்ட ஒரு இளைஞர் எழுந்தார். கையில் இவருடைய சிறுவெளியீடு, 'வீட்டுக்குள்ளும் ஒரு வர்க்கம்'. தஞ்சாவூர் மாநாட்டில் இவர் பேசிய பேச்சு அது. அன்றைக்கு மாநாடே எழுந்து நின்று கைதட்டியதாம். அதை அச்சுப்போட்டு, இன்று வரைக்கும் பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. இளைஞர் அதிலிருந்து ஒரு வரியை வாசித்தார். 'கூட்டம் முடிந்ததும் குடித்த டீயை யார் போட்டது என்று கேட்காதவன் சோசலிசம் பேசத் தகுதியற்றவன்.'

"மேடம், உங்க தலைப்பே இந்த வரியில இருந்துதான் வருது. தோழர் பால்பாண்டியனுக்கு ஒரு நன்றிகூடப் போடலையே. அது நியாயமா?"

அவர்மேல் தப்பில்லை. படித்ததைக் கேட்கிறார்.

"ஒரே வீட்டுத் தண்ணிதானே தம்பி. எந்தக் குழாயில வந்தா என்ன" என்று சொல்லிச் சிரித்துவைத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வரவில்லை. அந்த வரி எழுதப்பட்டபோது குக்கரில் துவரம்பருப்பு வெந்துகொண்டிருந்தது, மூன்றாவது விசிலுக்கு எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து 'தகுதியற்றவன்' என்ற வார்த்தை போடப்பட்டது. இதெல்லாம் எனக்கு ஏன் ஞாபகம் இருக்க வேண்டும்? வள்ளியூரில் பஸ் நின்றது. வாழைப்பழம் வாங்கினேன், இவருக்கும் சேர்த்து.

பிப்ரவரி 18

பேச்சியம்மாள் வந்தாள். தீப்பெட்டித் தொழிலாளர் சங்கத்தின் தலைவி. புத்தகத்தில் பாதி அவளும் அவள் கூட்டாளிகளும் சொன்னதுதான். மார்ச் எட்டாம் தேதி மகளிர் தினத்தன்று சங்கக் கட்டடத்தில் அறிமுகக் கூட்டம் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எனக்கும் அதுதான் ஆசை. மற்ற ஊர் எல்லாம் போனால் போகிறது. அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தது இவர்கள், வேலை முடிந்து வந்து, கையில் தீக்குச்சி மருந்து வாடையோடு. இவர்கள் முன்னால் என் வாயால் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாவிட்டால் நான் புத்தகம் எழுதி என்ன, எழுதாமல் என்ன?

வந்தவள் உட்காரவே இல்லை.

"கட்டடம் இல்லன்னுட்டாக தோழர்."

"யாரு?"

"கட்டடக் கமிட்டி. என்னமோ சொன்னாகளே, சூழலு பழுக்கலையாம்."

"கனியலையா?"

"ஆங், அதுதான்." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கமிட்டின்னா யாரு தோழர்? உங்க வீட்டுக்காரர்தான தலைவரு?"

நான் டீ போட எழுந்தேன். வேண்டாம் என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் பிரிஜ்ஜுக்குப் பக்கத்து ஆணி தெரிகிறது. சங்கக் கட்டடத்துச் சாவி அதில்தான் தொங்குகிறது.

எழுதிவிடுகிறேன். தென்காசியும் சாத்தூரும் இவர் வேலைதான். சாத்தூர் போன் வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் இவருக்கு வாழைப்பழம் வாங்கி வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 19

கேட்டுவிட்டேன்.

"தென்காசிக்குப் போன் போட்டீங்களா?"

"நான் யாரையும் தடுக்கல. கேட்டாங்க, கருத்து சொன்னேன்."

"என்ன கருத்து?"

"இப்ப இருக்கற நிலைமையில சூழல்..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எதிரி தடுத்தால் போராட்டம், வீட்டுக்காரர் தடுத்தால் கருத்தா என்று கேட்டேன். இந்த வீட்டில் எத்தனை தோழருக்கு இலை போட்டிருக்கிறேன், ஒருத்தனாவது எனக்காக எதிர்த்துக் கருத்து சொன்னானா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ. இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அது ஒன்று, குறுக்கே பேசமாட்டார்.

கடைசியில் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "மத்தத நீ எழுதாம விட்டதுக்கு நான் நன்றிதான் சொல்லணும்."

"எந்த மத்தத?"

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நானும் திருப்பிக் கேட்கவில்லை. இட்லிக்கு அரைக்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 20

பேசிக்கொள்ளவில்லை. சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். இரண்டு பேரும் அப்படியே சாப்பிட்டோம்.

பிப்ரவரி 27

பேச்சியம்மாள் நோட்டீஸ் அடித்துவிட்டாள். இடம்: சங்கக் கட்டடம். இல்லை என்று சொன்ன இடத்தைத் துணிந்து போட்டிருக்கிறாள். "நோட்டீஸ்ல வந்துட்டா மாத்த முடியாதுல்லா" என்கிறாள். வாழ்த்துரைக்கு வருகிற ஆண்கள் எல்லாம் தோழர் இன்னார், தோழர் இன்னார். என் பெயர் மட்டும் 'திருமதி செண்பகவல்லி'. அச்சகத்துக்காரரைக் கேட்டேன்.

"பொம்பளைப் பேரு வந்தா திருமதின்னு போட்டுருவோம் மேடம். மரியாதைக்குத்தான்."

"அந்த மரியாதை வேண்டாம். தோழர்னு போடுங்க."

"தோழர்னா ஆம்பளைன்னு நினைச்சிருவாகளே."

நினைத்துக்கொள்ளட்டும், வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்லித் திரும்ப அடிக்க வைத்தேன். தமிழில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது. அதையும் வேட்டி கட்டி உட்கார வைத்துவிட்டார்கள்.

மார்ச் 5

கதிரவன் போன் செய்தார். முதல் பதிப்பு தீரப் போகிறதாம். சமையல் அடுக்கிலிருந்துதான் அதிகம் போயிற்று என்றார். இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் உண்டா என்று கேட்டார்.

"எட்டாம் தேதி முடியட்டும், சொல்லுதேன்."

உள் அறையில் இவர் பேப்பர் புரட்டுகிற சத்தம் நின்றது. நான் போனை வைத்த பிறகுதான் மறுபடி கேட்டது.

மார்ச் 8

வரிசையாக எழுதுகிறேன், ஒன்றும் விட்டுவிடக் கூடாது.

காலையில் இட்லி வைத்தேன். சேலை மாற்றிக்கொண்டு வந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். இவர் இட்லியைப் பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வல்லி, அது கமிட்டி முடிவு."

"கமிட்டி முடிவைக் கமிட்டிக்குச் சொல்லுங்க. நான் கட்டடத்தைத் திறக்கப் போறேன். கூட்டுறது நான், பெருக்குறது நான், திறக்க மட்டும் கூடாதா?"

"சூழல் கனியாம எதைச் செஞ்சாலும்..."

"தானாக் கனியாததத் தடியால அடிச்சுக் கனிய வைக்கிறதுன்னு சொலவடை இருக்குல்லா? இன்னைக்கு அடிச்சுப் பாக்கேன்."

சட்னி இன்னும் வேண்டுமா என்று கேட்காமல் கிளம்பியது இதுதான் முதல் தடவை. தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பயமா என்றால் இல்லை. கோபமும் இல்லை. ரொம்ப நாள் கழித்துத் தனியாக ரயில் ஏறுகிற மாதிரி இருந்தது.

கட்டட வாசலில் பேச்சியம்மாளும் அவள் ஆட்களும் ஏற்கனவே நின்றார்கள். பூட்டைத் திறந்தேன். ஒருத்தி குலவை போட்டாள். மகளிர் தினத்துக்குக் குலவையா என்று ஒருத்தி கேட்க, பின்னே எதுக்குப் போடுறது என்று அவள் திருப்பிக் கேட்டாள். கூடம் நிறைந்துவிட்டது. ஆண்களும் வந்தார்கள். அழகர்சாமி சாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான், என் கண்ணைப் பார்க்காமல் வணக்கம் சொன்னான். கூட்டம் தொடங்கின பிறகு இவரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முன்னால் வரச் சொல்லி யார் யாரோ கையைக் காட்டினார்கள். வரவில்லை.

பேச்சியம்மாள் தலைமை. அழகர்சாமி வாழ்த்துரை. குற்ற உணர்ச்சியில் அளவுக்கு மேல் புகழ்ந்தான். புகழ்ந்து முடித்துவிட்டு நல்லதாக நினைத்து ஒன்று சொன்னான்.

"இந்தப் புத்தகத்துக்கு விதை எங்க இருக்கு? நம்ம தோழர் பால்பாண்டியனோட தஞ்சாவூர்ப் பேச்சுல இருக்கு. தலைப்பே அவர் போட்ட பிச்சைன்னு சொல்லலாம்."

அவன் பிச்சை என்று சொல்லியிருக்க வேண்டாம்.

மைக் என் கைக்கு வந்தது. எழுதி வைத்திருந்த உரையை மடித்துப் பையில் போட்டேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்துப் படித்தேன். வடக்கேயிருந்து தோழர்கள் வந்தது, சூழல் கனியவில்லை என்றது, ஒருத்தர் போனது, ஒருத்தி சமைத்தது. அந்த ஒரு தோழர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் திரும்பிப் பார்த்ததைவிட மோசமாக இருந்தது. படித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன்.

"இதுல ஒரு விஷயத்த நான் எழுதாம விட்டுட்டேன்" என்றேன். "அந்த மாநாட்டுக்குப் போற சந்தோஷத்துல நான் ஒரு பேச்சு எழுதி வச்சிருந்தேன். அடுப்படியில உக்காந்து எழுதினது. நான் போகலை. பேச்சு போச்சு. அங்க வாசிச்சாங்க, எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டுனாங்களாம். அந்தக் கைதட்டல எனக்கு யாரும் கொண்டாந்து கொடுக்கல. தம்பி அழகரு, பிச்சை போட்டது யாரு, வாங்கினது யாருன்னு இப்பச் சொல்லு."

அழகர்சாமி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். பேச்சியம்மாள் என் பக்கத்தில் எழுந்து நின்றாள். அப்புறம் முன் வரிசையில் இருந்தவர்கள் எழுந்தார்கள், அவர்களைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்கள். கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, எதற்கு மறைக்க வேண்டும்? வந்து சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தச் சத்தத்தில் இவரும் எழுந்ததைப் பார்த்தேன். வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், வழிவிட்டு ஒதுங்கினார்கள். இவர் வாசலுக்குப் போகவில்லை. சுவர் ஓரமாக நடந்து, மேடைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறைக்குள் போனார். கூட்டம் முடிந்தால் நாங்கள் டீ போடுகிற அறை. பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. தீப்பெட்டி உரசுகிற சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று. இந்த ஊரில் பிறந்த மனுஷனுக்கு ஒரு குச்சியில் அடுப்பு பற்றவைக்கத் தெரியவில்லை என்று யாரோ ஒருத்தி சொல்ல, கூடமே சிரித்தது.

நான் மறுபடி பேச ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல்.

"வல்லி, சர்க்கரை எங்க இருக்கு?"

எறும்புக்குப் பயந்து ஊறுகாய் பாட்டிலில் போட்டு மேல் தட்டில் வைத்திருக்கிறேன். அது எனக்குத் தெரியும், பேச்சியம்மாளுக்குத் தெரியும், இங்கே டீ போட்ட எல்லாப் பெண்களுக்கும் தெரியும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. கூடம் முழுக்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மைக்கிலேயே சொன்னேன். "தேடுங்க தோழர்."

டீ வந்தது. சர்க்கரை இல்லை. எல்லாரும் குடித்தோம். வீட்டுக்கு வரும்போது சாவி என் இடுப்பில் இருந்தது, ஆணியில் மாட்டவில்லை.

மார்ச் 9

கதிரவன் போன் செய்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஏதாவது எடுக்க வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இவர் அவருக்கும் கருத்து சொல்லியிருப்பார் போல.

எடுக்க ஒன்றும் இல்லை, ஒரு பத்தி கூடும் என்றேன். இவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.